ஐரிஷ்காரர் கழற்றிய கண்ணாடி

1

என் கணவர் தொலைக்காட்சியில் கேள்வி கேட்கத் தொடங்கி இந்த ஆண்டோடு இருபது வருடங்கள். இதே ஆண்டில்தான் அயர்லாந்தில் அவருடைய குருவும் ஓய்வு பெற்றார். குருவுக்கு என் கணவர் என்று ஒருவர் இருப்பதே தெரியாது. ஆனாலும் எங்கள் வரவேற்பறையில் இரண்டு நாட்கள் துக்க வீட்டு அமைதி நிலவியது. எனக்கு அது வசதியாகத்தான் இருந்தது.

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு என் கணவரைத் தெரியாமல் இருக்கலாம். வெளிநாட்டிலுள்ள உங்கள் மாமியையோ சித்தப்பாவையோ கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நான்கு மணிக்கு 'குணத்துடன் ஒரு மணி' என்று அவர் பெயரிலேயே ஒரு நிகழ்ச்சி போகும். ஜெர்மனியில், கார்ல்ஸ்ரூஹே நகரில் ஒரு தமிழ்க் கடையின் பின்னறையில், அரிசி மூட்டைகளை ஒரு பக்கமாக அடுக்கிவிட்டு, நீலத் திரையைத் தொங்கவிட்டு எடுக்கிறார்கள். பாரிஸ், லண்டன், சூரிச் என்று எல்லா இடத்திலிருந்தும் தொலைபேசியில் வருவார்கள். வருகிற எல்லோரும் தங்கள் தொலைக்காட்சியை அலற விட்டுக்கொண்டுதான் வருவார்கள். ஆகவே இருபது வருடங்களாக என் கணவர் தமிழ்ச் சமூகத்துக்கு அதிகம் சொன்ன வசனம், "உங்கட டிவியின்ர சத்தத்தைக் குறையுங்கோ" என்பதுதான்.

திங்கள் முதல் வெள்ளி வரை அவர் ஒரு தொழிற்சாலையில் வாகன உதிரிப்பாகங்களைப் பெட்டியில் அடுக்குகிறார். அங்கே அவரை யாரும் அண்ணை என்று கூப்பிடுவதில்லை. நான் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். என்னிடமும் நாள் முழுக்கப் பலர் தங்கள் கதையைச் சொல்கிறார்கள். ஆனால் எனக்கு நீலத் திரை இல்லை.

2

குருவின் கதையைச் சொல்ல வேண்டும்.

என் கணவருக்கு இருபத்துநான்கு வயதாக இருந்தபோது, கனடா என்று சொல்லி ஏஜென்ட் ஏற்றிவிட்ட விமானம் அவரை அயர்லாந்தில் இறக்கியது. மூன்று நாட்களாக அதைக் கனடா என்றே நம்பி, பனி எங்கே என்று தேடியிருக்கிறார். பிறகு கரையோர ஊரொன்றில் மீன் பதனிடும் இடத்தில் எட்டு மாதங்கள் வேலை. அவர் தங்கியிருந்த வீட்டின் கிழவி ஒவ்வொரு ஞாயிறும் தேத்தண்ணீரோடு தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவாளாம். அவளோடு இவரும். திரையில் ஒரு மனிதர், எதிரே ஒரு கதிரை, அந்தக் கதிரைக்கு வாராவாரம் ஒருவர். ஒரு மனிதன் இன்னொரு மனிதனைக் கேள்வி கேட்பதை ஒரு நாடே வாய் திறந்து பார்க்கிறதே என்று என் கணவர் வியந்திருக்கிறார். இலங்கையில் அவரைக் கேள்வி கேட்டவர்கள் எல்லோரும் துவக்கோடு வந்தவர்கள். அந்த வியப்பை நான் பகிடி பண்ணமாட்டேன்.

மற்ற எல்லாவற்றையும் பண்ணுவேன். என் கணவருக்கு அப்போது ஆங்கிலத்தில் 'யெஸ்', 'நோ', 'ஃபிஷ்' மூன்றும்தான் தெரியும். ஆகவே அந்த மனிதர் என்ன கேட்டார், வந்தவர் என்ன சொன்னார் என்பதெல்லாம் அவருக்குப் போய்ச் சேரவில்லை. கையசைவுதான் போய்ச் சேர்ந்தது. காலுக்கு மேல் கால் போடுவது, முன்னுக்குச் சரிந்து நாடியில் விரல் வைப்பது, பெரிய கேள்விக்கு முதல் கண்ணாடியைக் கழற்றுவது எல்லாம் ஒன்று விடாமல் போய்ச் சேர்ந்தன. எட்டு மாதங்கள் கழித்து ஜெர்மனியில் இருந்த தமையன் கூப்பிட்டு இங்கே வந்தபோது, இவர் கொண்டுவந்த சொத்து அவ்வளவுதான்.

நிகழ்ச்சி தொடங்கியபோது அவருடைய கண் பார்வையில் ஒரு குறையும் இல்லை. பவர் இல்லாத கண்ணாடி ஒன்று வாங்கினார். கழற்றுவதற்காகவே கண்ணாடி போட்ட மனிதரோடு நான் குடும்பம் நடத்தியிருக்கிறேன்.

அந்தப் பழக்கம் அரசாங்கக் கந்தோர்களுக்கும் வந்தது. குடியுரிமைக்கு அன்ட்ராக் என்ற விண்ணப்பம் கொடுத்துவிட்டு நேர்முகத்துக்குப் போயிருந்தோம். எதிரே இருந்த பெண், ஏன் ஜெர்மன் குடிமகனாக விரும்புகிறீர்கள் என்று கேட்டாள். இவர் முன்னுக்குச் சரிந்து, கண்ணாடியைக் கழற்றி, "நீங்கள் ஏன் ஜெர்மன்காரியாக இருக்கிறீர்கள், அதைப் பற்றி எப்போதாவது யோசித்திருக்கிறீர்களா?" என்று திருப்பிக் கேட்டார். அவள் யோசிக்கவில்லை. அடுத்த சந்திப்புக்கு டெர்மின் மூன்று மாதம் கழித்துத்தான் தந்தாள்.

3

குருவைப் பற்றி என் கணவர் மேடைக்கு மேடை சொல்லும் கதை ஒன்று உண்டு. கோயில் திருவிழா, தமிழ்ப் பாடசாலை ஆண்டு விழா, பூப்புனித நீராட்டு விழா என்று ஒன்றையும் விட்டுவைத்ததில்லை.

ஒரு ஞாயிறு அந்த ஐரிஷ்காரரின் மகள் நிகழ்ச்சிக்கு வந்து முன் வரிசையில் இருந்தாளாம். மகள்தான் என்று வீட்டுக் கிழவி சைகையில் காட்டினாளாம். நடுவில் அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாராம். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லையாம். பிறகு மகளைப் பார்த்து நாலு வசனம் சொன்னாராம். மகள் தலையைக் குனிந்து அழுதாளாம். அரங்கம் முழுக்க எழுந்து கை தட்டியதாம். வீட்டுக் கிழவியும் அழுதுகொண்டே தட்டினாளாம். "வெள்ளைக்காரன் எண்டாலும் பாருங்கோ, பிள்ளை பிழை விட்டால் நாடு பார்க்கக் கண்டிச்ச மனுசன். அவனெல்லோ தகப்பன்" என்று என் கணவர் முடிப்பார். எங்கள் ஆட்களும் எழுந்து கை தட்டுவார்கள். பிள்ளைகள் பின் வரிசையில் போனைத் தடவிக்கொண்டிருக்கும்.

இரண்டு வருடங்களுக்கு முன்பு அவரே அந்தக் காட்சியை நடித்தும் விட்டார்.

எங்களுக்கு ஒரே மகள், அபிரா. கார்ல்ஸ்ரூஹேயில் பிறந்தவள். தமிழில் கோபப்படுவாள், ஜெர்மனில் கணக்குப் பார்ப்பாள். படித்து முடித்து டப்ளினில் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை கிடைத்ததும், என் கணவர் இனிப்புக் கொடுத்துக் கொண்டாடினார். தன் புண்ணிய பூமிக்கே மகள் போகிறாளென்று ஒரு மணித்தியாலம் முழுவதையும் அதற்கே ஒதுக்கினார். ஒரு வருடம் கழித்து அவள் தொலைபேசியில், ஒரு பள்ளிக்கூட ஆசிரியரை விரும்புவதாகச் சொன்னாள். ஐரிஷ்காரன். பெயர் ஓவன்.

அயர்லாந்தைக் கும்பிட்ட மனிதருக்கு ஐரிஷ் மருமகன் ஒத்துவரவில்லை. அடுத்த ஞாயிறு நேரலையில் கண்ணாடியைக் கழற்றினார். "எனக்கு இனி மகள் எண்டு ஒருத்தி இல்லை. இதைச் சொல்லுறதுக்கு எனக்கு ஒருத்தர் அயர்லாந்திலை படிப்பிச்சுத் தந்தவர்" என்றார். சுவிஸில் இருந்து ஒருவர் அழைத்து, உங்களைப் போல நாலு பேர் இருந்தால் இனம் உருப்படும் என்றார். நான் வீட்டில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பது வருடக் கல்யாணத்தில் அன்றைக்குத்தான் அந்த மனிதரை வெறுத்தேன்.

அதன்பின் அவர் அபிராவோடு பேசவில்லை. நான் முதியோர் இல்லத்து இடைவேளையில், உடுப்பு மாற்றும் அறையில் நின்று பேசினேன். அவள் ஒரே கேள்வியைத்தான் கேட்பாள். "அப்பா சாப்பிடுறவரோ?"

4

இந்த ஆண்டு அபிரா கல்யாணத்துக்குத் தேதி குறித்தாள். டப்ளினில் பதிவுத் திருமணம். அதற்கு அவளுடைய பிறப்புப் பத்திரத்தின் புதிய பிரதி தேவைப்பட்டது. அவள் அதிகாரக் கடிதம் எழுதி அனுப்ப, நான் கணவருக்குச் சொல்லாமல் ஸ்டாண்டஸம்ட் என்ற பதிவுக் கந்தோருக்குப் போனேன். அங்கே பிறப்பு, இறப்பு, திருமணம் எல்லாம் ஒரே மாடியில்தான். கதவைத் தவறவிடாமல் இருப்பதே பெரிய வேலை.

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த பெண் நான் கொண்டுபோன தாள்களைப் பார்த்துவிட்டு, என் கணவரின் பெயரில் ஓர் எழுத்து ஒரு தாளில் ஒரு மாதிரியும் மற்றத் தாளில் வேறு மாதிரியும் இருக்கிறது, இது ஒரே ஆள்தானா என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்வதென்றால் எனக்கு நேரம் தேவைப்பட்டிருக்கும். ஓம் என்று தலையாட்டினேன். பத்திரம் எதற்கென்று கேட்டாள். மகளுக்குக் கல்யாணம் என்றேன். அவள் தட்டச்சு செய்வதை நிறுத்தி, நிமிர்ந்து பார்த்து, மனமார்ந்த வாழ்த்துகள் என்றாள்.

என் மகளின் கல்யாணத்துக்கு எனக்கு வாழ்த்துச் சொன்ன முதல் ஆள் ஒரு ஜெர்மன் கந்தோர்க்காரி. வெளியில் வந்து ட்ராம் தரிப்பில் இருந்து அழுதேன். பிறகு விமானச் சீட்டு எடுத்தேன். ஒரு சீட்டு.

5

அந்தச் சமயத்தில்தான் எண்பதைத் தாண்டிய ஐரிஷ்காரர் ஒருவழியாகக் கதிரையை விட்டார்.

என் கணவர் தன் இருபதாவது ஆண்டு நிகழ்ச்சியை அவருக்கே சமர்ப்பிப்பது என்று முடிவு செய்தார். சமையலறையில் நான் வெங்காயம் உரிக்க, எதிரே இருந்து தன் எழுத்தை எனக்கு வாசித்துக் காட்டினார். சிற்றூர் ஒன்றில் முடிதிருத்துபவரின் மகனாகப் பிறந்தாராம். தகப்பனின் கடைக்கு வருகிறவர்களின் பேச்சைக் கேட்டே வளர்ந்தாராம். பாதிரியாராகப் போய், வாயை மூடிக்கொண்டிருக்க முடியாமல் திரும்பி வந்தாராம். குதிரைப் பந்தயத்தில் ஒலிபெருக்கி பிடித்து, அங்கிருந்து வானொலிக்குப் போய், பிறகு தொலைக்காட்சிக்கு வந்தாராம். வீட்டுக்குள் பேசாததையெல்லாம் அந்த நாடு அவருடைய கதிரையில் இருந்துதான் பேசப் பழகியதாம். ஆயர்கள் அவரைத் திட்டிப் பிரசங்கம் செய்துவிட்டு, ஞாயிறு பின்னேரம் கதவைப் பூட்டிக்கொண்டு பார்ப்பார்களாம்.

"வீட்டுக்குள்ளை கதைக்காததைக் கதைச்சவரோ?" என்றேன்.

"ஓம்."

"நல்ல மனுசன்."

நான் குத்திக்காட்டியது அவருக்கு உறைக்கவில்லை. வேறு கவலையில் இருந்தார். மகளைக் கண்டித்த அந்தக் காட்சி கிடைத்தால் நிகழ்ச்சி எங்கேயோ போய்விடும் என்றார். இணையத்தில் தேடிக் களைத்துவிட்டாராம். பிறகு வெங்காயத் தோலைப் பார்த்துக்கொண்டு, "உம்மட மகள் அங்கைதானே இருக்கிறா. கேட்டுப் பாருமன்" என்றார்.

இரண்டு வருடங்கள் கழித்து அவர் வாயில் அபிராவைப் பற்றி மகள் என்ற சொல் வந்தது இப்படித்தான். அதுவும் என்னுடைய மகளாக.

ஐரிஷ்காரரின் ஓய்வையொட்டி அங்கே பழைய நிகழ்ச்சிகளைத் தொகுத்துப் போட்டிருந்தார்கள். அபிரா புதன்கிழமை அனுப்பிவிட்டாள். எனக்கு ஆங்கிலம் மட்டுமட்டு என்பதால், தானே அடியில் ஜெர்மனில் வரிகள் எழுதியிருந்தாள். கூடவே குரல் செய்தி ஒன்று: "அம்மா, முதல் நீங்கள் பாருங்கோ. பிறகு அப்பாவுக்குக் குடுக்கிறதோ விடுறதோ உங்கட விருப்பம்."

உடுப்பு மாற்றும் அறையில் நின்று பார்த்தேன். என் கணவர் சொன்ன எல்லாமே இருந்தன. கண்ணாடி, அமைதி, முன் வரிசையில் தலை குனிந்த மகள், எழுந்து நின்று கை தட்டும் சனம். அவர் காட்சியில் ஒரு பிழையும் விடவில்லை. அடியில் ஓடிய வரிகள்தான் வேறாக இருந்தன.

கல்யாணம் ஆகாமல் பிள்ளை பெற்றதற்காக வீட்டை விட்டு அனுப்பப்பட்ட பெண்களைப் பற்றிய நிகழ்ச்சி அது. ஒரு தாய் அவரைப் பார்த்து, உங்கள் வீட்டில் நடந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்கிறாள். அவர் கண்ணாடியைக் கழற்றுகிறார். "என் வீட்டில் நடந்தது. நான் என் மகளை அனுப்பினேன். ஊருக்குப் பயந்தேன். அவள் இதோ இருக்கிறாள். நீ ஒரு பிழையும் செய்யவில்லை, பிள்ளை. நான்தான் செய்தேன். என்னை மன்னித்துக்கொள்."

இரண்டாவது தரமும் பார்த்தேன். பிறகு நிகழ்ச்சியின் தொழில்நுட்பம் முழுவதையும் தனி ஆளாகப் பார்க்கும் ரஞ்சன் அண்ணைக்கு அனுப்பினேன். அவர் கிழமை நாட்களில் பஸ் ஓட்டுகிறவர். எதையும் முன்கூட்டிப் பார்க்கும் வழக்கம் அவருக்கு இல்லை. "குணம் அண்ணை பார்த்திட்டாரோ அக்கா?" என்று கேட்டார்.

"அவருக்கு அது மனப்பாடம்" என்றேன். பொய் இல்லை.

6

ஞாயிற்றுக்கிழமை பட்டுச்சேலை கட்டி, அரிசி மூட்டைகளுக்கு இந்தப் பக்கம் விருந்தினருக்காகப் போட்டிருந்த கதிரைகளின் முன் வரிசையில் இருந்தேன். என் கணவர் முடிதிருத்தும் கடையில் தொடங்கி, பாதிரியார் மடம், குதிரை என்று அழகாகக் கொண்டுவந்தார். பிறகு, "இப்ப நீங்கள் பார்க்கப் போறது ஒரு உண்மையான தகப்பனை" என்று சொல்லி ரஞ்சன் அண்ணைக்குக் கையைக் காட்டினார்.

காட்சி ஓடியது. தனக்கு எதிரே இருந்த சின்னத் திரையில் அவரும் பார்த்தார். முப்பத்தைந்து வருடங்களுக்குப் பிறகு பார்க்கிற மகிழ்ச்சியில் முதலில் சிரித்தார். பிறகு அவருடைய கண்கள் அடியில் ஓடும் வரிகளுக்கு இறங்கின. அவருக்கு ஜெர்மன் நன்றாக வாசிக்க வரும். உதடு அசைந்தது, பின்பு நின்றுவிட்டது.

காட்சி முடிந்து வெளிச்சம் அவர் மேல் வந்தபோது அவர் பேசவில்லை. ஒலிவாங்கி போய்விட்டதென்று ரஞ்சன் அண்ணை வயரைப் பிடித்து ஆட்டினார். அதற்குள் தொலைபேசி வந்துவிட்டது. ஸ்டுட்கார்ட்டில் இருந்து ஒரு பெண்.

"குணம் அண்ணை, அந்தாள் மகளிட்டை மன்னிப்பெல்லோ கேட்டவர். நீங்கள் இவ்வளவு காலமும் மாறியெல்லோ சொன்னனீங்கள்."

என் கணவர் தொண்டையைச் செருமினார். "அக்கா, உங்கட டிவியின்ர சத்தத்தைக் குறையுங்கோ."

"குறைச்சிட்டன் அண்ணை. இப்ப சொல்லுங்கோ."

அவர், நேயர்களே, சிறிய தொழில்நுட்பக் கோளாறு என்று அறிவித்துவிட்டு நகைக்கடை விளம்பரத்துக்குப் போனார். திரும்பி வந்து மிச்ச நேரம் முழுக்கக் குதிரைப் பந்தயத்தைப் பற்றியே பேசினார். எந்தக் குதிரை ஓடியது என்பதைக்கூடச் சொன்னார்.

காரில் வீட்டுக்கு வரும்போது ஒரு சிவப்பு விளக்கில் கேட்டார்.

"உமக்கு முன்னமே தெரியுமோ?"

"ஓம். புதன்கிழமையே தெரியும்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லை. கேள்வி கேக்கிறது உங்கட வேலையெல்லே."

பச்சை விழுந்தும் அவர் காரை எடுக்கவில்லை. பின்னால் இருந்தவன் ஹோர்ன் அடித்தான்.

7

நான்கு நாட்கள் பெட்டி அடுக்கப் போனார், வந்தார், சாப்பிட்டார். வெள்ளிக்கிழமை ஒரு திட்டத்தோடு வந்தார். வரும் ஞாயிறு நேரலையில் அபிராவை மன்னித்துவிட்டதாக அறிவிக்கப் போகிறாராம். ஐரிஷ்காரர் மாதிரியே, அவள் டப்ளினில் இருந்து தொடர்பில் வர.

எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த அகப்பையைச் சட்டிக்குள் போட்டுவிட்டேன்.

"ஆர் ஆரை மன்னிக்கிறது?"

அவர் அகப்பையை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"அந்த ஐரிஷ்காரனும் பெரிய திறம் இல்லை. வீட்டிலை கேக்கத் துணிவில்லாமல்தான் ஊரைக் கூட்டிவைச்சுக் கேட்டவன். நீங்கள் அதையும் பார்த்துப் பழகாதேங்கோ. அவளிட்டை டிவி இல்லை. போன் இருக்கு. அடுத்த மாதம் கல்யாணம். நான் ஒரு சீட்டுத்தான் எடுத்திருக்கிறன்."

கல்யாணத் தேதியை அவர் அறிந்தது அப்போதுதான். கதிரையை இழுத்து உட்கார்ந்து, "ஒரு சீட்டோ?" என்று மட்டும் கேட்டார்.

சனிக்கிழமை பின்னேரம், வரவேற்பறையில் அவருடைய நிகழ்ச்சி மறு ஒளிபரப்பாகிக்கொண்டிருந்தது. வழக்கத்தில் முன்னால் இருந்து தன்னைத் தானே ரசிப்பவர், அன்றைக்குச் சமையலறைக்கு வந்து என் பக்கத்தில் நின்றார். நான் அபிராவின் இலக்கத்தை அழுத்தி, மணி போகத் தொடங்கியதும் போனை அவர் கையில் கொடுத்தேன்.

அவர் அதை ஒலிவாங்கி பிடிப்பது போலப் பிடித்தார். அந்தப் பக்கம் 'ஹலோ' கேட்டது. இருபது வருடப் பழக்கம் அவரை முந்திக்கொண்டது.

"வணக்கம். ஆர் கதைக்கிறீங்கள்?"

அவள் வைத்துவிடுவாள் என்று பயந்தேன்.

"நான் அபிரா. டப்ளினிலை இருந்து."

"சொல்லுங்கோ, அபிரா."

"நீங்கள்தானே எடுத்தனீங்கள். நீங்கள் சொல்லுங்கோ."

அவர் வாயைத் திறந்தார். அதே நேரம் வரவேற்பறையில் இருந்து அவருடைய குரலே உரக்க வந்தது, குதிரை, மைதானம், ஒலிபெருக்கி என்று. அவர் வாயை மூடினார். இரண்டு குணமும் ஒரே வீட்டில் பேச முடியாது போலிருந்தது.

"அப்பா," என்றாள் அபிரா. "டிவியின்ர சத்தத்தைக் குறையுங்கோ. எனக்கு உங்களைக் கேக்கேல்லை."

நான் ஓடிப்போய், குறைக்கவில்லை, நிறுத்தியே விட்டேன். திரும்பி வந்தபோது அவர் கண்ணாடியைக் கழற்றி வெங்காயத் தோல் பக்கத்தில் வைத்திருந்தார். அந்தக் கழற்றலைப் பார்க்க என்னைத் தவிர ஒருவரும் இல்லை. நான் கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்று ஒட்டுக் கேட்டேன். அதற்காக வெட்கப்படவில்லை. பிறகு, அவர் பெட்டி அடுக்கும் இடத்தில் பேசுகிற சின்னக் குரலில், "நீ ஒரு பிழையும் விடேல்லை, பிள்ளை. நான்தான் விட்டனான்" என்றார்.

திங்கட்கிழமை இரண்டாவது விமானச் சீட்டு எடுத்தோம். இந்தத் தடவையாவது போய் இறங்கும் இடம் அயர்லாந்துதானா என்று அவர் சீட்டை மூன்று தரம் வாசித்துப் பார்த்தார்.